பதினெட்டுக்குப் பிறகு

ஆட்டிச நிலையில் உள்ள ஒருவருக்கு 18 வயது நிறைந்ததும் சட்டம் அவரைப் பெரியவர் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமையும் அந்த வயதோடு முடிகிறது. வங்கிக் கணக்கு, சொத்து, மருத்துவச் சம்மதம் என அதுவரை பெற்றோர் கையெழுத்தில் நடந்தவை இனி அப்படி நடக்காது. பிள்ளையோ நேற்று இருந்தபடியேதான் இருக்கிறார். அதனால் ஆயத்தத்தை 13, 14 வயதிலேயே தொடங்கிவிடுவது நல்லது. பல வீடுகளில் அந்த ஆண்டுகள் தெரபிக்கும் தேர்வுக்குமே போய்விடுகின்றன. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியே பத்தாம் வகுப்புத் தேறிய இளைஞருக்குத் தானாகச் சவரம் செய்துகொள்ளத் தெரியாமல் இருக்கலாம். சான்றிதழைவிடச் சவரம் முக்கியம் என்றால் பெற்றோருக்குக் கோபம் வரும். ஆனாலும் அதுதான் உண்மை.

அன்றாட வேலைகளைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துத்தான் சிறப்பாசிரியர்கள் கற்பிக்கிறார்கள். பேருந்துப் பயணம் என்றால், முதலில் பக்கத்து இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து வருவார். பழகிய பின் நாலு வரிசை தள்ளி உட்காருவார். பிறகு இறங்கும் நிறுத்தத்தில் மட்டும் காத்திருப்பார். தடம் எண்களையும் நிறுத்தங்களையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. சிக்கல் அதில் இல்லை. சாலையில் பள்ளம் தோண்டி வண்டி வேறு தெருவில் திரும்பினால் என்ன செய்வது? சில்லறையை இறங்கும்போது வாங்கிக்கொள் என்று நடத்துநர் சொல்லிவிட்டால்? இவற்றுக்கும் ஒத்திகை வேண்டும். பேச்சு வராதவரின் சட்டைப்பையில் வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய அட்டை இருக்கும். பதற்றம் வரும்போது அதை எடுத்து நீட்டுவதும் பாடம்தான். மாதவிடாய் நாட்களைச் சமாளிப்பது, கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியவை எவை என்று அறிவது, தொட வருபவரைத் தடுப்பது ஆகியவற்றைக் கூச்சம் காரணமாகத் தள்ளிப்போடக் கூடாது.

அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதில் 1 விழுக்காட்டைத்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளவர்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் இடங்களில் தேவைப்படும் ஏற்பாடுகள் பெரும்பாலும் செலவு இல்லாதவை. வேலையை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுப்பது, இரைச்சல் குறைந்த இடத்தில் மேசை போடுவது, சந்தேகம் கேட்க ஒரே ஆளைக் காட்டுவது போதும். ஆளின் விருப்பத்தைப் பார்க்காமல் எல்லோருக்கும் மெழுகுவத்தி, காகிதப் பை என்று பழக்குவது தொழிற்பயிற்சி ஆகாது.

அடுத்தது பாதுகாவலர் விஷயம். 1999ஆம் ஆண்டின் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். பாதுகாவலராக அமர்த்தப்படுபவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் கொடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் போக்கு வேறு. ஒரு குறிப்பிட்ட முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், மாற்றுத்திறனாளியோடு சேர்ந்து முடிவெடுக்கும் வரம்புள்ள பாதுகாவலரைத்தான் அது சொல்கிறது. ஒருவர் தன் சட்டையைத் தானே தேர்ந்தெடுக்க முடிகிறது என்றால், எல்லா முடிவையும் இன்னொருவர் கையில் கொடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

‘எங்களுக்குப் பிறகு யார்?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரு பெயர் தயாராக இருக்கிறது: அண்ணன், அல்லது தங்கை. அந்த அண்ணனிடமோ தங்கையிடமோ யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உயில் எழுதும் முன், அவர்களுக்குத் திருமணப் பேச்சு தொடங்கும் முன், உட்காரவைத்துக் கேளுங்கள். முடியாது என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் கொடுங்கள்.