திரை காட்டாத மறுபாதி

1945ஆம் ஆண்டுப் பர்மாவைக் களமாகக் கொண்ட 'த பேர்ப்பிள் பிளெயின்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் 1954இல் வெளிவந்தது. எச். ஈ. பேட்ஸ் எழுதிய நாவலை றொபேட் பரிஷ் படமாக்கினார். மனைவியைக் குண்டுவீச்சில் பறிகொடுத்து வாழ்வை வெறுத்த விமானியாக ஹொலிவூட் நடிகர் கிறெகறி பெக் நடித்தார். அவருக்கு வாழும் ஆசையை மீண்டும் ஊட்டும் பர்மியப் பெண்ணாக வின் மின் தான் என்னும் பர்மிய நங்கையே தோன்றினார். பர்மாவாகத் திரையில் தெரியும் நிலம் எமது இலங்கை என்பதைப் பலர் அறியார்.

அக்காலத்தில் இது சிறிய காரியமன்று. அடுத்த ஆண்டு வந்த 'லவ் இஸ் எ மெனி ஸ்பிளென்டர்ட் திங்' படத்தில் சீனக் கலப்புப் பெண்ணாக வெள்ளை இன நடிகையே வேடமிட்டார். காதலன் போரில் மடிகிறான். 1957இல் வந்த 'சயோனரா'வில், அமெரிக்கப் படைவீரனும் அவனது ஜப்பானிய மனைவியும் பிரிக்கப்படுவதற்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொள்கின்றனர். பர்மியப் பெண்ணின் காதலனோ உயிருடன் திரும்புகிறான். அத்துடன் படமும் முடிந்துவிடுகிறது.

அதற்குப் பின்னர் என்ன நிகழும் என்பதை இரங்கூன் அறியும். இன்று யாங்கூன் எனப்படும் அந்நகருக்குத் தொழில் தேடிச் சென்ற தமிழருள் சிலர் பர்மியப் பெண்களை மணந்து குடும்பமாயினர். 'கலா' என்னும் இழிசொல் அவர்தம் பிள்ளைகளையும் தொடர்ந்தது. 1930இலும் 1938இலும் இந்தியருக்கெதிராகக் கலவரங்கள் மூண்டன. 2015இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, பௌத்தப் பெண் வேற்று மதத்தவரை மணப்பதாயின் பதினான்கு நாட்கள் பகிரங்க அறிவித்தல் ஒட்டி, ஆட்சேபனைக்கு இடமளிக்க வேண்டுமென விதித்தது.

இதைப் படிக்கையில் எமக்குக் கோபம் வருகின்றது. வரவேண்டியதே. ஆனால் எமது வீடுகளில் ஒட்டப்படும் அறிவித்தல்களை யார் படிப்பது?

என்னிடம் கல்வி பயின்ற மாணவி ஒருத்தி, புலம்பெயர்ந்த இடத்தில் வேற்றினத்தவர் ஒருவரைக் கடந்த ஆண்டு மணந்தாள். பெண் வீட்டார் எவரும் வரவில்லை. தாயார் நிற்கவேண்டிய இடத்தில் நான் நின்றேன். "ரீச்சர், சனத்துக்கு என்ன பதில் சொல்லுறது?" என்று தாயார் பின்னர் என்னிடம் கேட்டார். எந்தச் சனம் என்று கேட்டேன். அவர் பேசவில்லை. இப்போது பேரப்பிள்ளைக்கு மூன்று மாதம். இரண்டு பேருந்து மாறினால் போகக்கூடிய தூரம். இன்னும் போகவில்லை.

வந்தேறிகள் என்று ஊருக்கு ஊர் ஏச்சு வாங்கியவர்கள் நாம். அச்சொல்லை எமது பேரப்பிள்ளையின் தொட்டிலில் நாமே எழுதி வைக்கலாமா? இவ்வாரமே அந்தப் பேருந்தில் ஏறுங்கள், தாய்மாரே.