மலையேறிய கடிகாரங்கள்

அலுவலகங்கள் கழித்துவிட்ட அணுக்கடிகாரத்தை விலைகொடுத்து வாங்கி, செப்பனிட்டு, வீட்டில் ஓடவிடுவோரைப் பித்தர் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதோம். 2005ஆம் ஆண்டில் அமெரிக்க ஆர்வலர் டாம் வான் பாக், தம் சீசியம் கடிகாரங்கள் மூன்றினை மின்கலங்களோடு சிற்றுந்தில் ஏற்றி, பிள்ளைகள் மூவருடன் ரெய்னியர் மலையில் ஈரிரவு தங்கினார். திரும்பிவந்து, வீட்டில் நின்றவற்றோடு ஒப்பிட்டார். மலையேறியவை ஏறத்தாழ 22 நானோநொடி முந்தியிருந்தன! உயரத்தில் காலம் விரையும் என்ற ஐன்ஸ்டைன் கூற்றைப் பிள்ளைகள் நேரிற் கண்டனர். இதனை அறிந்த நாளில் எம் கைக்கடிகாரத்தை நெடுநேரம் நோக்கியிருந்தோம்.

இக்கருவியைப் பேணுதல் எளிதன்று. ஓடும் நாளெல்லாம் குழாயிலுள்ள சீசியம் தேயும். தீர்ந்தபின் புதுக்குழாயின் விலை, பழங்கடிகாரம் வாங்கிய விலையையே விஞ்சக்கூடும். அணைத்துவைத்தால் சீசியம் மிஞ்சும், நேரம் மிஞ்சாது. ஓடவே விடும் ஆர்வலரும் உளர்.