ஒரு பகல், இரண்டு விமானம், பதினைந்து கிலோ

காலையில் விமானம் ஏறிப் போய், சேலை வாங்கிக்கொண்டு இரவே வீடு திரும்புவது என்றால் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்றுதான் தோன்றும். அகர்தலாவில் அப்படி இல்லை. துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்களில் திரிபுராவின் தலைநகரிலிருந்து கொல்கத்தா கிளம்பும் விமானங்களில் ஆசிரியைகளும் குமாஸ்தாக்களும் சிறு துணிக்கடைக்காரர்களும் இருப்பார்கள். பலர் கையில் மடித்து வைத்த காலிப் பை.

காரணம் பணம் அல்ல, வரைபடம். ஆகாய வழியில் இரு நகரங்களுக்கும் இடையே 350 கிலோமீட்டர்கூட இல்லை. சுமார் ஒரு மணி நேரப் பயணம். ஆனால் நடுவில் வங்கதேசம் கிடக்கிறது. இந்திய மண்ணிலேயே ரயிலில் போவதென்றால் அஸ்ஸாமுக்கு ஏறி, குறுகிய இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர் அகலமே உள்ள சிலிகுரி இடுக்கில் நுழைந்து, தெற்கே இறங்க வேண்டும். 1,500 கிலோமீட்டருக்கு மேல். ஏறக்குறைய ஒன்றரை நாள். அந்த ரயிலும் அண்மையில் வந்ததுதான். அகர்தலா மீட்டர் கேஜ் ரயிலைப் பார்த்தது 2008ல், அகல ரயிலைப் பார்த்தது 2016ல்.

1947க்கு முன் இந்தச் சுற்று கிடையாது. சில கிலோமீட்டர் தள்ளியிருந்த அகாவுராதான் ஊருக்கு ரயில் நிலையம். அங்கே ரயிலேறி, சாந்த்பூரில் ஸ்டீமர் பிடித்து, அக்கரையில் மறுபடி ரயிலேறினால் கல்கத்தா. பிரிவினைக்குப் பின் அகாவுரா வெளிநாடு. அகர்தலா - அகாவுரா ரயில் இணைப்பு 2023 நவம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனாலும் கடைக்குப் போகிறவர்களுக்கு வழி ஆகாயம்தான்.

அந்த ஆகாய வழிக்கு 1942லேயே இடம் கொடுத்தவர் மன்னர் வீர விக்ரம் கிஷோர் மாணிக்யா. உலகப் போர்க் காலத்தில் உருவான விமான நிலையத்துக்கு 2018ல் அவர் பெயரையே சூட்டினார்கள். எல்லை அருகிலேயே இருப்பதால், மேலெழும்பிய சில நிமிடங்களில் கீழே வேற்று நாடு. ஜன்னலோரத்தில் இருப்பவருக்கு மேகனாவும் பத்மாவும் இலவசம்.

கொல்கத்தாவில் இறங்கியதும் சிக்கனத்தின் முதல் பாடம், டாக்ஸியை மறப்பது. 2025 ஆகஸ்டில் விமான நிலையத்துக்கு மெட்ரோ வந்துவிட்டது. நோவாபாராவில் மாறினால், மொத்த வியாபாரத்துக்குப் பெயர்போன படா பஜாருக்கு மகாத்மா காந்தி சாலை நிலையம். நியூ மார்க்கெட்டுக்கு எஸ்பிளனேட். கரியாஹாட்டுக்குக் காளிகாட்டில் இறங்கி ஆட்டோ. ஒரே பகலில் மூன்றையும் பார்க்க ஆசைப்பட்டால் மூன்றிலும் ஒன்றும் வாங்க முடியாது. இரண்டு போதும்.

நியூ மார்க்கெட் 1874ல் திறந்தது. 1985 தீ விபத்தில் ஒரு பகுதி போனபிறகும் மணிக்கூண்டும் கூடை சுமக்கும் கூலிகளும் மாறவில்லை. கேக் வேண்டுமென்றால் 1902ல் யூதக் குடும்பம் ஒன்று தொடங்கிய நாஹூம் கடை உள்ளேயே இருக்கிறது. சேலைக்குக் கரியாஹாட். சாந்திபூர், புலியா, தனியாகாலித் தறிகளின் பருத்திச் சேலைகள் கடைகளில்; மற்றதெல்லாம் நடைபாதையில். வருகிற பெண்களெல்லாம் அங்கே 'தீதி'. அக்கா என்று அழைத்தாலும் விலையில் உறவு பார்க்க மாட்டார்கள். பேரம் பேசித்தான் ஆக வேண்டும்.

பேரத்தைவிட முக்கியம் எடை. உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு கிலோவுக்கும் கட்டணம். பேரத்தில் மிச்சம் பிடித்தது அங்கே கரையும். ஆகவே துணி வாங்கலாம், பாத்திரம் வாங்கக் கூடாது. ஒரு வீட்டுக்கு மட்டும் வாங்கினால் டிக்கெட் செலவு கட்டாது. நாலு வீட்டுக்கும் சேர்த்து வாங்கினால், அதுவும் மாதக்கணக்கில் முன்பே டிக்கெட் எடுத்திருந்தால், கணக்கு சரியாக வரும்.

இந்த 'முன்பே' என்பதில்தான் வில்லங்கம். 1994ல் பழைய விமானக் கழகச் சட்டம் நீங்கியதிலிருந்து கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. பூஜை நெருங்க நெருங்க அதே இருக்கையின் விலை ஏறிக்கொண்டே போகும். சேலை வாங்குகிறவர் பயணத்தை ஒத்திப்போடலாம், உள்ளூர்க் கடையோடு திருப்திப்படலாம். ஆனால் அதே வரிசையில் கொல்கத்தா மருத்துவமனைக்குப் போகும் நோயாளி இருக்கிறார், நேர்முகத் தேர்வுக்குப் போகும் பட்டதாரி இருக்கிறார். அவர்கள் கட்டணம் இறங்கும்வரை காத்திருக்க முடியாது.

மற்ற ஊர்களில் விமானம் என்பது ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மேலே ஒரு வசதி. விலை ஏறினால் கீழே இறங்கிக்கொள்ளலாம். அகர்தலாக்காரர் இறங்கினால் ஒன்றரை நாள் தூரத்தில் நிற்பார். அங்கே விமானக் கட்டணம் என்பது பஸ் கட்டணம். டெல்லி அதை அப்படிப் பார்க்கத் தொடங்கினால், பிரிவினை வைத்த கடனில் கொஞ்சமாவது தீரும்.