பண்டார்தரா ஏரிக்கரையில் ஓர் இரவு

சங்கத்து அன்பர்கள் பிள்ளைகுட்டிகளோடு பண்டார்தரா சென்று கூடாரத்தில் தங்குவதென்று முடிவு செய்தபோது, எங்களுக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. இளையவளுக்கு நான்கே வயது. குளிர் பட்டால் இழுப்பு வரும். கூடாரமோ ஏரிக்கரையில்! பெரியவனின் பிடிவாதமே வென்றது.

இகத்புரியில் ரயிலைவிட்டு இறங்கி வண்டியேறினோம். 1926-ல் கட்டி முடிக்கப்பட்ட வில்சன் அணை தேக்கிய பிரவரா நீரைக் கண்டதும் எங்கள் அச்சம் இரட்டித்தது. ஜூன் தொடக்கம், மழை இன்னும் இறங்கவில்லை.

இருட்டியதும் மரம் முழுதும் மின்மினிகள் ஒன்றுபோல் ஒளிர்ந்து, ஒன்றுபோல் அணைந்தன. துணையை அழைக்கும் ஒளியாம் அது. மும்பையில் பிறந்த எம் மக்கள் இருளென்பதையே அன்றுதான் கண்டார்கள்.

நள்ளிரவில் இளையவள் இருமினாள். மருந்தும் கையுமாக வெளியே தூக்கி வந்தோம். பக்கத்துக் கூடாரத்து மாமி வெந்நீர் கொணர்ந்தார். இருமல் அடங்கியதும், "இந்த விளக்கையெல்லாம் யார் அணைக்கிறார்கள்?" என்றாள் குழந்தை. உள்ளே வர மறுத்துவிட்டாள்.