இரண்டு கடிதங்கள்

மிலன் என்றதும் உங்களுக்கு ஃபேஷன் ஞாபகம் வரலாம், அல்லது ஃபுட்பால். அந்த ஊர்க்காரர்களுக்கு அம்புரோஸ். டிசம்பர் 7 அவருடைய நாள், ஊருக்கே லீவு. அவர் பெயரிலுள்ள சர்ச்சின் நிலவறையில், பிஷப் உடையோடு எலும்புக்கூடாகக் கண்ணாடிப் பேழைக்குள் படுத்திருக்கிறார்.

374-ல் அவர் அங்கே ரோமப் பேரரசின் கவர்னர். வயது சுமார் 35. அடுத்த பிஷப் யார் என்று சர்ச்சுக்குள் இரண்டு கோஷ்டிகள் மோத, சமாதானம் பண்ணப் போனார். கூட்டமோ, ‘அம்புரோஸே பிஷப்!’ என்று கத்த ஆரம்பித்துவிட்டது. மனுஷன் அதுவரை ஞானஸ்நானம்கூட வாங்கியிருக்கவில்லை! ஆளை விட்டால் போதும் என்று, விலைமாதர்களை வீட்டுக்கு வரவழைத்துத் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொள்ளப் பார்த்தாராம். சொல்வது அவருடைய காரியதரிசி பாலினஸ். பலிக்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கிய எட்டாம் நாள் பிஷப்!

புனித அகஸ்டினுக்கு 387-ல் ஞானஸ்நானம் கொடுத்தவரும் இவரே. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது, பேரரசர் தியோடோசியஸுக்கு இவர் எழுதிய இரண்டு கடிதங்களைப் பற்றி.

390. தெசலோனிக்காவில் ஒரு ரதப் பந்தய வீரனைத் தளபதி ஜெயிலில் போட, ஜனங்கள் கொதித்துப்போய்த் தளபதியைக் கொன்றுவிட்டார்கள். பழிக்குப் பழியாக ராணுவம் ஊர்ஜனங்களை வெட்டிச் சாய்த்தது. 7,000 பேர் என்கிறார் தியோடரெட் என்ற சரித்திர ஆசிரியர். உத்தரவு போட்டது பேரரசர். அம்புரோஸ் தன் கைப்பட எழுதினார்: நீங்கள் மனம் வருந்தாதவரை, நீங்கள் இருக்கிற இடத்தில் நான் பூசை செய்ய மாட்டேன். ராஜா என்ன செய்தார் தெரியுமா? அரச அலங்காரத்தைக் களைந்துவிட்டு, சர்ச்சில் எல்லார் முன்னாலும் அழுதார். பிஷப் அவரை வாசலிலேயே மறிப்பதாக ரூபன்ஸும் வான் டைக்கும் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். வாசல் காட்சி பிற்காலத்துக் கதை, கடிதம் நிஜம்.

இன்னொரு கடிதம் இதற்கு இரண்டு வருஷம் முந்தையது. யூப்ரடீஸ் நதிக்கரையில் காலினிகம் என்று ஓர் ஊர். இன்றைய சிரியாவின் ரக்கா. அந்த ஊர் பிஷப் தூண்டிவிட, ஒரு கும்பல் யூதர்களின் ஜெபாலயத்தைக் கொளுத்தியது. ‘அந்த பிஷப்பே தன் செலவில் கட்டித் தரட்டும்’ என்றார் இதே தியோடோசியஸ். நியாயம்தானே? கூடவே கூடாது என்று எழுதினார் அம்புரோஸ். அதோடும் விடவில்லை. சர்ச்சில் நேருக்கு நேராக நின்று, இந்த விசாரணையையே கைவிடுவதாக வாக்குக் கொடுத்தால்தான் பூசை என்று ஒரே பிடிவாதம். ராஜா பணிந்தார்.

அதே தைரியம். அதே மிரட்டல். முதல் கதைக்குக் கைதட்டிய நாம் இதற்கு என்ன செய்வது? அந்தக் காலம் அப்படி, என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு ஒப்பவில்லை. எரித்தவன்தான் கட்டித் தரவேண்டும் என்பது அந்தக் காலத்து ராஜாவுக்கே தெரிந்திருந்ததே!