பொருநை வழியே கொற்கைக்கு

பொதிகையில் பிறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், நெல்லை என்று இறங்கி வரும் பொருநை என்கிற தாமிரபரணியின் மேலாற்றைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்த நெல்லையில்தான் சாக்கடை ஆற்றில் கலக்கிறது. கீழே இருக்கும் நாங்கள் அதைத்தான் குடிக்கிறோம்.

அடுத்து ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டினார்; கிடைத்தவை பெர்லினுக்குப் போயின. பிறகு வந்த அலெக்சாண்டர் ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. 2004-ல் மறுபடி தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிவந்தன. இப்போது குழியின் மேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழிகள் கிடந்தபடியே கிடக்கின்றன. பொருள்களை அவை கிடைத்த மண்ணிலேயே காட்டுவதுதான் முறை.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டினால் ஏரல், நான் வளர்ந்த ஊர். சேர்மன் அருணாசல சுவாமி கோயில் ஆடி அமாவாசைக்கு ஆறே ஊராகிவிடும். மணலில் ஓலைக் குடிசை போட்டுக் குடும்பம் குடும்பமாகத் தங்குவார்கள். மணலை முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். கலங்கல் தெளியும்வரை காத்திருந்து ஆச்சி சிரட்டையால் கோரிக் குடத்தை நிறைப்பாள். ராத்திரி பச்சை சாத்திச் சப்பரம் வரும்வரை தூங்கவிடாமல் தாத்தா கதை சொல்வார். ஆற்றுப்போக்கில் கை நீட்டி, “அங்கனதாம்ல பாண்டியன் முத்தெடுத்த கொற்கை” என்பார். பழைய இடங்களை ஆயுசுக்குள் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எனக்கு அந்த மணலில் பிடித்தது.

அந்த மணலை லாரி லாரியாக அள்ளினார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு ஐயா தாமே உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வாதாடி 2010-ல் தடை வாங்கினார். அதற்குள் பல இடங்களில் ஆறு பள்ளமாகிவிட்டது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் துண்டிக்கப்பட்டுத் தீவாக நின்றது.

ஏரலுக்குக் கீழே போனால் கொற்கை. யவன மாலுமிகளின் குறிப்புகளில் முத்துக்குப் பேர்போன துறை. இன்று வாழைக்கும் நெல்லுக்கும் நடுவே சின்னக் கிராமம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் சில கிலோமீட்டர் விலகிவிட்டது. பார்க்க என்ன இருக்கிறது என்பார்கள். முதுமையில் சாய்ந்த வன்னி மரம் இருக்கிறது. குளத்தருகே வெற்றிவேல் அம்மன் கோயில் இருக்கிறது. உழுத வயலில் குனிந்து பாருங்கள்: வளையலுக்கு அறுத்தது போக எறிந்த சங்குத் துண்டுகள், ரம்பம் பட்ட விளிம்போடு வெள்ளையாகக் கிடக்கும். கால்டுவெல் இங்கே தோண்டினார். 1968-ல் தமிழகத் தொல்லியல் துறையும் தோண்டியது. இத்தனைக்குப் பிறகும் துறைமுகத்தின் முழு உருவம் மண்ணுக்குள்தான்.

அப்புறம் பழையகாயல் உப்பளங்கள், புன்னைக்காயல், கடல்.

திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கிக் கொற்கைக்கு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அரசு இரண்டு காரியம் செய்ய வேண்டும்: ஆற்றில் சாக்கடை விழுவதை நிறுத்த வேண்டும், எழும்பூரில் இருக்கும் பொன்பட்டங்களை ஆதிச்சநல்லூருக்கே அனுப்ப வேண்டும்.