மணிக்கொரு முறை அணைந்த கணினி

சில மாதங்களுக்கு முன், எல்லைக்கு அப்பாலுள்ள நகரியிலிருந்து ஒரு தந்தை நம் திருத்தணிப் பங்கு இல்லத்திற்கு வந்திருந்தார். தம் மகளின் திருமணத்திற்கு ஞானஸ்நானச் சான்றிதழ் தேவைப்பட்டது. காலை முதல் கணினியில் பதிவேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த நாம், அவரை அமரச் செய்து பெயரைத் தேடினோம். தேடும்போதே இயந்திரம் தானாக அணைந்தது. சேமிக்காத பக்கங்களும் போயின. மீண்டும் இயக்கினால், திரையின் பின்புலம் கறுத்துக் கிடந்தது.

கணினி அறிந்த பங்கு இளைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் பார்த்துவிட்டுக் காரணம் சொன்னார். யாரோ அன்போடு நிறுவித் தந்த விண்டோஸ் 11, விலை கொடுத்து வாங்கியதன்று. நிறுவனங்கள் சோதித்துப் பார்ப்பதற்கென 90 நாட்களுக்கு மட்டும் வழங்கப்படுவது. தவணை கடந்தால் திரை கறுக்கும். மணிக்கொரு முறை கணினி அணையும். நம் தணிகை மலைக்கு ஆண்டின் நாட்களைப் போல 365 படிகள் என்பர். நாமோ 90-ஆம் படியில் நின்றுவிட்டோம்!

"சாமி, இதற்குக் 'கிராக்' இருக்கிறது. ஐந்து நிமிட வேலை. எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் இளைஞர்.

'சரி' என்று சொல்ல நம் நா எழுந்தது, மறைப்பானேன்? அப்போது மேசைமேல் பங்கு முத்திரை கண்ணில் பட்டது. 'பதிவேட்டின்படி உண்மை' என்று அதைப் பதிக்க வேண்டிய தாளை, திருட்டுச் சாவியால் திறந்த கணினியிலிருந்தா எடுப்பது? களவு மென்பொருளென அறிந்தே பயன்படுத்துவோருக்கு, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-பி பிரிவில் சிறைத் தண்டனையும் விதித்துள்ளது. அத்தகைய 'கிராக்'குகளோடு வேவு நிரல்கள் ஒட்டிவருவதும் உண்டு. பங்கு மக்களின் பெயரும் பிறந்த நாளும் அக்கணினியில் இருந்தனவே!

பழைய பதிவேட்டைத் திறந்து, சான்றிதழைக் கையாலேயே எழுதிக் கொடுத்தோம். அவர் மனநிறைவோடு பேருந்து ஏறினார்.

சோதனைப் பதிப்பை அப்படியே முழுப் பதிப்பாக மாற்ற இயலாது. புதிதாகவே நிறுவ வேண்டும். ஆகவே கிடைத்த ஒரு மணி நேரத்திற்குள் கோப்புகளையெல்லாம் பென் டிரைவில் நகலெடுத்தோம். பின்பு, மைய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸை நிறுவச் சொன்னோம். அதற்கு உரிமக் கட்டணம் இல்லை, தமிழிலும் இயங்கும். 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்றபோது, தமிழக அரசு தன் துறைகளுக்குப் பரிந்துரைத்ததும் இதனையே. பழகச் சில நாட்கள் பிடித்தன, இன்று தடையில்லை.

குற்றம் இயந்திரத்தினுடையதன்று. அன்பளிப்பு என்றதும், அதன் உரிமம் எங்கே என்று கேளாமல் ஏற்ற நம்முடையதே. அன்பர்களே, உங்கள் இல்லத்துக் கணினியின் அமைப்புகளில் 'ஆக்டிவேஷன்' என்ற பகுதியை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். திரை கறுக்கும்வரை நாம் காத்திருந்ததுபோல் நீங்கள் காத்திருக்க வேண்டாம்.